களத்தில் காய்ந்த பேட்டரிகள்

"தீப்பிடிச்சுதா சார்?"

இந்தக் கதையை எங்கே சொன்னாலும் முதலில் வரும் கேள்வி இதுதான். நீங்களும் கேட்பீர்கள். பதில் இருக்கிறது, சொல்கிறேன். ஆனால் அந்தக் கேள்வியையே பிடித்துத் தொங்கிக்கொண்டு படித்தால் நான் சொல்ல வந்தது உங்கள் கையில் சிக்காது.

வேலையிலிருந்து ஓய்வுபெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. லித்தியம் பேட்டரிகளைக் கப்பலில் அனுப்பும் ஒரு கம்பெனியில், ஆபத்தான சரக்குக்கான உறுதிமொழியில் கையெழுத்துப் போடுகிற ஆளாக இருந்தேன். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் டிக்ளரேஷன் என்று சொல்கிற அதே காகிதம்தான். அதன் விதிகளை உங்களுக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள், நான் திரும்ப ஓதப்போவதில்லை. ஒன்றே ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். கப்பல் கேப்டன் உங்கள் கண்டெய்னரைத் திறந்து பார்க்க மாட்டார். அவர் பார்ப்பது காகிதத்தை. 'உள்ளே இருப்பது நல்ல சரக்கு' என்று நீங்கள் எழுதியதை நம்பி, இருபது சொச்சம் பேர் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் வாரக்கணக்கில் சாப்பிட்டுத் தூங்குகிறார்கள். நடுக்கடலில் தீயணைப்பு நிலையம் கிடையாது.

எனக்கு முன்கோபம் அதிகம். என்னோடு வேலை பார்த்தவர்கள் யாரைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் வலியும் இருக்கும். இதை எதற்கு இங்கே சொல்கிறேன் என்றால், இந்தக் கதையில் பேட்டரியைவிட அதுதான் பெரிய ஆபத்தாக இருந்தது.

வில்லியனூரிலிருந்து கொஞ்சம் தள்ளி, சங்கராபரணி ஆற்றுக்கு இந்தப் பக்கம், மூடிக் கிடந்த ஒரு ரைஸ் மில்லைக் கம்பெனி குடோனாக எடுத்திருந்தது. உள்ளே இயந்திரங்களைக் கழற்றிவிட்டு ரேக் போட்டார்கள். பின்னால் அவித்த நெல்லைக் காய வைக்கும் சிமெண்ட் களம் அப்படியே இருந்தது. வேலைக்கு எடுத்த பத்துப் பேரும் அதே மில்லில் முன்பு வேலை பார்த்தவர்கள்தான். அவர்களுக்குத் தலைவி அஞ்சலையம்மா. ஏம்பலத்துக்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும். வீட்டுக்காரர் குத்தகைக்கு நெல் பயிர் செய்கிறார். மில் ஓடிய காலத்தில் களத்து வேலையில் அஞ்சலையம்மாவை அடிக்க ஆள் கிடையாது என்பார்கள். நெல்லைக் காலால் துழாவியே ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவாராம். பேட்டரி பேக்கிங்கையும் மூன்றே மாதத்தில் கற்றுக்கொண்டார். எந்த ஸ்டிக்கர் எந்தப் பக்கம் ஒட்ட வேண்டும் என்பதில் அவரிடம் ஒரு தப்பு கண்டுபிடித்ததில்லை நான்.

குடோன் எடுத்த மூன்றாவது வருட மழையில் மேலே அணையைத் திறந்துவிட்டார்கள். ஆறு ஏறிவிட்டது. பாகூர்ப் பக்கம் எங்கள் தெருவிலும் முழங்கால் தண்ணீர். நாலைந்து நாள் நகர முடியவில்லை. ரோடு விட்டதும் குடோனுக்குப் போனேன். தரை பளிச்சென்று கழுவிவிடப்பட்டிருந்தது. பினாயில் வாசனை. சுவரின் அடியில் ஒரு முழ உயரத்துக்குப் புதுச் சுண்ணாம்பு. பொங்கலுக்கு இப்போதே வெள்ளையடிக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்த மகா புத்திசாலி நான்.

"தண்ணி உள்ள வந்துச்சா?" என்று மேனேஜரைக் கேட்டேன். புதுச்சேரி டவுனில் இருந்து வருபவர், வெள்ளத்தின்போது அவரும் அங்கே இல்லை.

"வாசப்படி வரைக்கும்தான் சார். எல்லாம் கிளியர்."

சரி என்று விட்டுவிட்டேன். பேக்கிங் ஆட்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர்களிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை.

நான்கு நாள் கழித்து கண்டெய்னர் வந்தது. சூரிய ஒளி விளக்குகளுக்கான பேட்டரிகள், ஒவ்வொன்றும் செங்கல் அளவு, ஆப்பிரிக்காவுக்குப் போகிற முதல் ஆர்டர். ஒவ்வொன்றுக்கும் வோல்டேஜ் பார்த்து ஏற்றினார்கள், அடுக்கு சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன், சீல் வைத்தோம், கையெழுத்துப் போட்டேன். மறுநாள் காலை பத்து மணிக்கு வண்டி துறைமுகத்துக்குக் கிளம்பியது. மாலை ஐந்துக்குள் உள்ளே போய்விட வேண்டும். அதற்குமேல் அந்தக் கப்பலுக்குச் சரக்கு எடுக்க மாட்டார்கள்.

பதினொன்றரைக்கு டீ வந்தது. வேலை முடிந்த சந்தோஷத்தில் எல்லாரும் வாசலில் உட்கார்ந்திருந்தோம். அஞ்சலையம்மா என் கையில் கிளாஸைக் கொடுத்துக்கொண்டே சொன்னார்.

"சாரு வந்து பாத்து அப்புடியே பயந்துடப் போறாருன்னு நெனைச்சோம். ஒண்ணு வீணாவல சார். அடியில கெடந்த பொட்டியெல்லாம் பிரிச்சி, களத்துல போட்டு, ரெண்டு நாளு நல்லா காய வெச்சி, தொடச்சி, புது பொட்டில போட்டுட்டோம். நெல்லு காய வெச்ச கைக்கு இது இன்னா பெரிய வேலை?"

முகமெல்லாம் பெருமை. கம்பெனிப் பொருளைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார், அதை என்னிடம் சொல்லத்தான் இத்தனை நாள் காத்திருந்திருக்கிறார்.

டீ கிளாஸைத் தரையில் அடித்தேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அது நினைவில்லை. கத்தியது நினைவிருக்கிறது.

"உனக்கு அறிவிருக்கா? கப்பல்ல இருக்கற அத்தன பேரையும் கொல்லப் பாத்தியே! போலீஸ்ல புடிச்சிக் குடுத்தாத்தான் புத்தி வரும் உனக்கெல்லாம்!"

பத்துப் பேர் முன்னால், மூன்று வருடமாக 'அம்மா' என்று கூப்பிட்ட ஒருவரிடம் இப்படிக் கத்தினேன். அஞ்சலையம்மாவின் முகத்தில் இருந்த வெளிச்சம் அப்படியே அணைந்துவிட்டது. பிறகு சொன்னார்.

"நான் ஒண்ணும் காய வெக்கல. சும்மா பேச்சுக்குச் சொன்னேன்."

"இப்பதானே சொன்ன!"

"தண்ணியே வர்ல சார் உள்ள." மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். தண்ணி வர்ல சார். நாங்க பாக்கல சார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தார்கள். மறைக்க வைத்தது நான்.

நனைந்த பேட்டரி என்ன செய்யும் என்று புதியவர்களுக்கு ஒரு வார்த்தை. வெள்ளத் தண்ணீர் சுத்தத் தண்ணீர் அல்ல. வயல் உப்பு, உரம், சேறு எல்லாம் அதில் உண்டு. கூட்டுக்குள் அது புகுந்தால், வெளியே காய்ந்தபிறகும் உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும். மெல்ல அரிக்கும். ஒரு நாள் இரண்டு முனையும் எங்கோ தொட்டுக்கொள்ளும். அது நாளைக்கும் நடக்கலாம், மூன்று வாரம் கழித்தும் நடக்கலாம், நடக்காமலே போகலாம். ஒன்று எரிந்தால் பக்கத்தில் இருப்பதையும் சேர்த்துக்கொண்டு எரியும். அதனால்தான் அடிபட்ட, நனைந்த பேட்டரிக்கு வேறு பெட்டி, வேறு காகிதம், வேறு அனுமதி. நல்ல சரக்கோடு கலந்து அனுப்பவே கூடாது.

சத்தம் கேட்டு மேனேஜர் ஓடிவந்தார். விஷயத்தைச் சொன்னேன். வண்டியை நிறுத்த வேண்டும் என்றேன்.

"அந்தம்மாவே இல்லேன்னு சொல்லுது. யார் பேச்சைக் கேட்டு நிறுத்தச் சொல்றீங்க?"

"பயத்துல சொல்லுது."

"சரி, நனைஞ்சதாவே வெச்சுக்குங்க. ஏத்தறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணுக்கும் வோல்டேஜ் பாத்தோமா இல்லையா? உங்க முன்னாடிதானே பாத்தோம்? எல்லாம் கரெக்டா இருந்துச்சா இல்லையா?"

இருந்தது. அதை நான் மறுக்க முடியவில்லை.

"அடுத்த கப்பல் மூணு வாரம் கழிச்சு. இது முதல் ஆர்டர். போச்சுன்னா குடோனை இழுத்து மூடிடுவாங்க சார். இந்தப் பத்துப் பேரும் திரும்பக் கரும்பு வெட்டத்தான் போவணும். நல்லா யோசிச்சுப் பேசுங்க."

அவரைக் கெட்டவராக நினைத்துக்கொள்ளாதீர்கள். அவர் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. உங்களை நெருக்குகிற ஆள் பெரும்பாலும் பொய் சொல்ல மாட்டார், அதுதான் கஷ்டம்.

டிரைவருக்கு ஃபோன் போட்டேன். திண்டிவனம் தாண்டிவிட்டார். "சீல் வெச்ச வண்டி சார். எங்க ஓனர் சொன்னாத்தான் நிப்பேன்" என்றார். ஓனரைக் கூப்பிட்டால், மேனேஜர் சொல்லட்டும் என்றார். மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம் வண்டி போய்க்கொண்டே இருந்தது.

நான் இன்னொரு காரியம் செய்திருக்கலாம். உறுதிமொழியில் இருப்பது என் கையெழுத்து. கப்பல் கம்பெனிக்கு ஃபோன் போட்டு அதைத் திரும்பப் பெறுகிறேன் என்றால் கண்டெய்னர் துறைமுகத்துக்குள் போக முடியாது. ஆனால் ஒரு முறை சொன்னால் சொன்னதுதான். எதை வைத்துச் சொல்வது? பத்துப் பேரும் இல்லை என்கிறார்கள். வோல்டேஜ் சரியாக இருக்கிறது. என்னிடம் இருப்பது டீ குடிக்கும்போது காதில் விழுந்த ஒரு பேச்சு, அதையும் பேசியவரே வாபஸ் வாங்கிவிட்டார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அஞ்சலையம்மா சொன்ன 'தண்ணியே வர்ல' என்பதை நம்பிவிட வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. பொய் என்று தெரிந்தும் ஒரு பொய் இனிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அரைமணி நேரம் கையில் ஃபோனை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். அந்த அரைமணியை இன்றும் என்னால் நியாயப்படுத்த முடியாது.

அப்புறம் எழுந்து பின்பக்கம் போனேன். களத்தின் ஓரத்தில் அஞ்சலையம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். உச்சி வெயில். சிமெண்ட் சுட்டது. கொஞ்சம் தள்ளி நானும் தரையில் உட்கார்ந்தேன்.

"போலீஸ்னு சொன்னது தப்பும்மா. என் வாய் அப்படி. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சும்மாவா சொன்னாங்க."

அவர் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

வண்டி இப்போது எங்கே போய்க்கொண்டிருக்கும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டபடி, என்ன பேசுவதென்றே தெரியாமல், கண்ணெதிரே இருந்த களத்தைப் பார்த்தேன். வாயில் வந்ததைக் கேட்டேன்.

"உங்க வூட்டுல நெல்லு மூட்டை நனைஞ்சா இன்னா பண்ணுவீங்க?"

"காய வெப்போம்."

"விதை நெல்லு நனைஞ்சா?"

"அதுவும் காய வெப்போம்."

"காய வெச்சி விதைக்கு எடுப்பீங்களா?"

சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார். "அது எப்புடி சார் எடுக்கறது? பாக்க நல்லாத்தான் இருக்கும். உள்ள கெட்டுப் போயிருக்கும். நாத்தாங்கால்ல வுட்டாத்தானே தெரியும்?"

"இதுவும் அப்படித்தாம்மா. கப்பல் ஏறி நடுக்கடலுக்குப் போன பெறகுதான் தெரியும்."

அவர் முந்தானையை விரலிலிருந்து அவிழ்த்தார்.

"வேலையை வுட்டுத் தூக்கிடுவாங்களா சார்?"

அந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருந்தால் காரியம் சுலபமாக முடிந்திருக்கும். "தெரியலம்மா. தூக்கினாலும் தூக்குவாங்க" என்றேன்.

அவர் எழுந்து புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டார். "அடி வரிசை ரெண்டும் முழுவிப் போச்சி. நாப்பது பொட்டி. ராவுல வந்த தண்ணி காலைல வடிஞ்சிட்டுது. வந்து மேனேஜருகிட்டயே சொல்றேன், வா."

சொன்னார். மேனேஜர் முகத்தைப் பார்த்து, ஒரு எண்ணிக்கையும் குறைக்காமல் சொன்னார். நான் அங்கேயே நின்று கப்பல் கம்பெனிக்கு ஃபோன் போட்டேன். நான் கையெழுத்திட்ட உறுதிமொழியைத் திரும்பப் பெறுகிறேன், சரக்கில் தண்ணீர் புகுந்த பேட்டரிகள் கலந்திருக்கின்றன, கண்டெய்னரை உள்ளே விடாதீர்கள். பிறகு அதையே எழுத்திலும் அனுப்பினேன். மணி ஒன்று இருபது. மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "இனிமே இன்னா சார், நிறுத்தச் சொல்லிடறேன்" என்று வண்டி ஓனரைக் கூப்பிட்டார்.

டிரைவர் செங்கல்பட்டை நெருங்கியிருந்தார். பெட்ரோல் பங்க், சாப்பாட்டுக் கடை எதுவும் பக்கத்தில் இல்லாத வெட்டவெளியாகப் பார்த்து நிறுத்தச் சொன்னேன். ஏன் என்று கேட்டார். மறைக்காமல் சொன்னேன்.

"இவ்ளோ நேரம் இதையா சார் முதுவுல கட்டிக்கிட்டு வந்தேன்?"

அவரிடம் மன்னிப்புக் கேட்பதைத் தவிர என்ன செய்ய முடியும்? தீயணைப்பு நிலையத்தில் பேசி, அவர்கள் சொன்னபடி மெதுவாகத் திருப்பிக் கொண்டுவந்தோம். மேனேஜர் குடோனுக்குள் நிறுத்தச் சொன்னார். கூடாது என்றேன், குடோனை ஒட்டி மூன்று பக்கமும் வீடுகள். எந்தக் களத்தில் காய்ந்ததோ அந்தக் களத்தின் நடுவிலேயே, திறந்த வானத்தின் கீழே நிறுத்தினோம். மறுநாள் விடிந்ததும் தீயணைப்பு வண்டி வந்து நின்றபிறகுதான் சீலை உடைத்தோம்.

கதவைத் திறந்தோம். நூற்றுக்கணக்கான பெட்டிகள், எல்லாம் ஒரே மாதிரி. என் ஸ்டிக்கர்கள் வரிசையாக, நேராக, அழகாக ஒட்டியிருந்தன. அதில் எந்த நாற்பது?

"தள்ளு சார்" என்றார் அஞ்சலையம்மா. "புது பொட்டிக்கு நான் டேப்பு ரெண்டு சுத்து வுடுவேன். பழசுல ஒரு சுத்துதான்."

ஒவ்வொரு பெட்டியாக இறங்கியது. அவர் அடியைத் தடவிப் பார்த்து 'நல்லது' அல்லது 'நனைஞ்சது' என்பார். நனைந்ததைத் தனியே தூக்கிப்போய், பின்னால் இருந்த காலி மனையில் மணல் கொட்டி, இடம் விட்டு விட்டு வைத்தோம். மதியத்துக்குள் கண்டெய்னர் முக்கால்வாசி காலி. எண்ணினேன். முப்பத்தொன்பது. கடைசி வரிசையையும் இறக்கினோம். அப்போதும் முப்பத்தொன்பது.

"நாப்பதுதானா? நல்லா யோசிங்கம்மா."

"நாப்பதுதான் சார். என் கையால ஒட்டினது."

நல்லது என்று ஒதுக்கியதையெல்லாம் முதலிலிருந்து திரும்ப ஒவ்வொன்றாகப் புரட்டினோம். தீயணைப்பு வீரர் ஒருவர் மட்டும் நின்ற இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தார். நல்ல பெட்டிகளின் நடுவே, டேப்பின் மேல்சுற்று உரிந்துபோய், ஒரு சுற்று மட்டும் தெரிந்தபடி இருந்தது அந்த நாற்பதாவது. உரிந்த டேப்பின் பசைத் தடத்தை விரலால் தொட்டுத்தான் அஞ்சலையம்மா கண்டுபிடித்தார். நான் அதைத் தூக்கினேன். சூடாக இருந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது, என் கையே அப்போது கொதித்துக்கொண்டிருந்தது.

இனி உங்கள் கேள்விக்கு வருவோம். தீப்பிடிக்கவில்லை. ஒரு மாதம் மணலில் கிடந்தன, ஒரு புகைகூட வரவில்லை. மேனேஜர் தினமும் காலையில் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, என்னையும் ஒரு பார்வை பார்ப்பார். பிறகு பழுது பார்க்கிற ஆள் வந்து நாலைத் திறந்தார். மூன்று பஞ்சு போலச் சுத்தம். நாலாவதன் உள்ளே பென்சில் கோடு மாதிரி ஒரு சேற்று வரி, முனைகளில் பச்சைப் பூஞ்சணம் போல அரிப்பு.

"நாலுல ஒண்ணு. அதுவும் எரியல" என்றார் மேனேஜர். சரிதான். நான் செய்தது சரி என்பதற்கு இன்றுவரை என்னிடம் நிரூபணம் கிடையாது. இந்த வேலையில் நீங்கள் சரியாக நடந்துகொண்டால் எதுவும் நடக்காது. எதுவும் நடக்கவில்லையே, அப்புறம் எதற்கு அவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று கேட்பார்கள். அதைத் தாங்கிக்கொள்ள முடியாதவர்கள் வேறு வேலை பார்ப்பது நல்லது.

மீதிச் சரக்கு மூன்று வாரம் கழித்து அடுத்த கப்பலில் போனது. குடோனை மூடவில்லை. மேலிடத்தில் அறிக்கை கேட்டார்கள். 'வெள்ளத்தில் இருந்த சரக்கைப் பற்றி விசாரிக்காமல் கையெழுத்திட்டது நான். நனைந்ததைக் காய வைக்கக்கூடாது என்று பேக்கிங் ஆட்களுக்கு நான் ஒருநாளும் சொல்லிக்கொடுத்ததில்லை' என்று எழுதினேன். அது உண்மை. மூன்று வருடமாக ஸ்டிக்கர் ஒட்டக் கற்றுக்கொடுத்தேனே தவிர, எதற்கு ஒட்டுகிறோம் என்று சொல்லவில்லை. தெரியாத இடத்தில் அவர்களுக்குத் தெரிந்த நல்ல வேலையைச் செய்தார்கள்.

என்ன எழுதி என்ன? எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அஞ்சலையம்மாவைத் தலைமைப் பொறுப்பிலிருந்து எடுத்துக் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போட்டார்கள். இரண்டு முறை மேலிடத்தில் போய்ச் சண்டை போட்டேன், நடக்கவில்லை. உண்மையைச் சொன்னதற்கு அந்த ஊரில் அவருக்குக் கிடைத்தது அதுதான். எல்லாரும் பார்த்தார்கள், நனைந்ததைக் கண்டால் வாயைத் திறக்கக்கூடாது என்று எல்லாரும் பாடம் படித்துக்கொண்டார்கள். நான் பயந்ததும் அதற்குத்தான். என்னோடு அவர் பேச்சை நிறுத்திக்கொண்டார். கேட்டால் 'ஆங்' என்பார், அவ்வளவுதான். எனக்கு ரொம்ப வலித்தது.

ஒரு வருடம் போனது. மறுபடியும் மழைக்காலம், மறுபடியும் ஒரு கண்டெய்னர். ஏற்றி முடித்து, சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் வெளியே போயிருந்தார்கள். மேசையில் உறுதிமொழியை விரித்துவைத்துப் பேனாவைத் திறந்தேன். கதவருகே நிழல் தட்டியது. விளக்குமாற்றோடு அஞ்சலையம்மா நின்றார்.

"சார், திட்றதா இருந்தா அப்பறமா திட்டு. காலைல ஒரு பொட்டி மேலேர்ந்து கீழ வுழுந்துட்டுது. எடுத்து அப்புடியே உள்ள வெச்சிட்டானுங்க." விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தார். "என்னைத் தவிர யாரும் பாக்கல."

பேனாவை அப்படியே போட்டுவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் அவர் பின்னால் போனேன்.